எனக்குக் கிடைக்காத அறையில் இருந்தவள்

லண்டனில், ஹவுன்ஸ்லோவில் பேருந்துக்காக நின்றபோது, கூட வேலை செய்யும் மீனா அழைத்தாள். "அக்கா, வசந்தி அக்கா தவறிட்டாங்க. மாரடைப்பாம்." எனக்கு அழுகை வந்தது. இனி அவளுடைய கதிரையில் உட்காரப்போவது யார் என்ற எண்ணமும் கூடவே வந்தது. இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும், வசந்தியை அறிந்த உங்களிடம் இதை மறைப்பதில் பொருளில்லை.

மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் இருவரும் ஒன்றாக, நோயாளிகளுக்கு நேரம் பதியும் எழுதுவினைஞர்களாகச் சேர்ந்தோம். மேற்பார்வையாளர் பதவி வந்தபோது இருவரும் விண்ணப்பித்தோம். கணினியில் நான் வேகம், ஆங்கிலமும் எனக்குச் சரளம். பதவி அவளுக்குப் போனது. "என்னோட கோவமோ?" என்று கேட்டாள். "சீச்சீ" என்றேன்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து புதிதாகச் சேர்ந்திருந்த மீனா, ஒருநாள் ஒரே நேரத்துக்கு இரண்டு நோயாளிகளைப் பதிந்துவிட்டாள். காத்திருந்தவர்கள் எல்லோர் முன்னாலும் மருத்துவர் அவளைப் பார்த்துக் கத்தினார். நானாக இருந்தால் முதலில் யார் பிழை என்று தேடியிருப்பேன். வசந்தி தன் அறையிலிருந்து வந்து இருவருக்கும் நடுவில் நின்றாள். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில், "இந்தப் பிரிவுக்குப் பொறுப்பு நான். என்னோடு பேசுங்கள்" என்றாள். பிறகுதான் மீனாவை உள்ளே கூப்பிட்டாள்.

"பிழை அவளின்ர எண்டு தெரிஞ்சுமோ அப்பிடிச் சொன்னனீ?" என்று கேட்டேன்.

"ஓம். ஆக்களுக்கு முன்னால அவளுக்காக நிண்டால்தான், கதவைச் சாத்திப்போட்டு நான் ஏசேக்க கேப்பாள்."

நான் போன எந்தப் பயிற்சி வகுப்பிலும் இதைச் சொல்லித்தரவில்லை. இவளுக்கு மட்டும் எப்படித் தெரிந்தது என்று எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் இருபத்தைந்து, நத்தார் விடுமுறை யாருக்கு என்று நாங்கள் சண்டை பிடித்த வருடம், அன்றைய வேலைப் பட்டியலில் தன் பெயரை முதலில் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்தாள். அதற்குப் பிறகு யாரால் வாய் திறக்க முடியும்? கோபிக்கக்கூட இடம் வைக்காமல் அவள் என்னைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தாள்.

மோர்டனில் நடந்த இறுதிச்சடங்குக்கு எங்கள் பிரிவே திரண்டு வந்திருந்தது. கத்திய அந்த மருத்துவரும் கண்ணைத் துடைத்தார். எனக்கு இத்தனை பேர் அழுவார்களா என்று நினைத்தபடி நின்றேன். பெட்டிக்குள் கிடந்தவள்மீதும் பொறாமைதான்.

அவளுடைய கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவ வீட்ட வந்தால் உங்கட கதைதான். நீங்கள் எல்லாரும் சேர்ந்திருந்து சிரிச்சுச் சாப்பிடேக்க, தான் அறைக்குள்ள தனிய இருந்து சாப்பிடுறன் எண்டு சொல்லுவா. அதிலயும் உங்களிலதான் அவவுக்குச் சரியான பொறாமை."

அவளை ஒருநாளாவது சாப்பிட வா என்று கூப்பிட எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. மேற்பார்வையாளர் ஆனவளுக்குப் பசி இருக்கும், ஆனால் எங்களோடு இருந்து பேசும் ஆசை இருக்காது என்று நினைத்துவிட்டோம் போல.

அவளுடைய பொறுமையை மற்றவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். என்மேல் அவளுக்கு இருந்த அந்தப் பொறாமை எனக்குப் போதும். அதில் மட்டும் யாருக்கும் பங்கு கொடுக்கமாட்டேன்.