முனீஸ்வரி மெமரி வாங்கப் போனது

போடியில் ஒருவர் இறந்துபோனால், பந்தல்காரருக்குச் சொல்லப் போகிற நேரத்திலேயே இன்னொரு ஆள் ஜெபகுமாரின் பிளெக்ஸ் கடைக்குப் போவார். அவர் கொடுக்கிற போட்டோவையும் பெயர்களையும் ஜெபகுமார் போனிலேயே முனீஸ்வரிக்கு அனுப்பிவிடுவார். ஒன்றரை மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அச்சுக்குத் தயாராகத் திரும்பி வரும். எழுத்துப் பிழை இருக்காது. பேரன் பேத்தி பட்டியலில் ஒரு பெயர் விட்டுப்போகாது. இதையெல்லாம் சுப்புராஜ் நகர்ப் பக்கம் ஒரு வீட்டில் கட்டிலை ஒட்டிப் போட்ட மேசையில் உட்கார்ந்து ஒரு பெண் செய்கிறாள் என்பது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது.

முனீஸ்வரிக்கு இப்போது நாற்பத்தொரு வயது. முப்பத்திரண்டு வயது வரைக்கும் அவளுக்குக் கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்த பழக்கம்கூடக் கிடையாது. தினமும் ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு ஆடி மாதச் சாரலில் சரிவில் வழுக்கி விழுந்ததில் வலது முட்டி நொறுங்கிப்போனது. ஜீப் ஓட்டுகிற கண்ணுச்சாமிதான் அவளை முதுகில் சுமந்துகொண்டு மேட்டில் ஏறினார். பின்சீட்டில் படுக்கவைத்து, அத்தனை வளைவுகளிலும் வண்டியைக் குலுங்கவிடாமல் இறக்கிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். கால் பிழைத்தது. ஆனால் மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆறு மாதம் வீட்டில் சும்மா இருந்தாள். பிறகு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் டைப்பிங் கற்றுக்கொண்டு, அங்கிருந்து ஜெபகுமார் கடைக்குப் போய் டிசைன் வேலையும் பழகினாள். நாள் முழுக்கக் கடைக்குப் போய்வருவது முட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏலக்காய்க் குடோனில் மூட்டை தூக்குகிற அவள் கணவன் மாரீஸ்வரன், ஒரு ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கிவந்து வீட்டில் வைத்தான்.

அது அப்போதே பழசு. வருசம் போகப் போக இன்னும் தளர்ந்துபோனது. முனீஸ்வரியும் அதன் போக்குக்குத் தன்னைப் பழக்கிக்கொண்டாள். போட்டோஷாப்பைத் திறந்துவிட்டு உலை வைக்கப் போவாள். அரிசி களைந்து போட்டுவிட்டு வந்தால் திறந்திருக்கும். ஒரே நேரத்தில் இரண்டு படங்களைத் திறக்க மாட்டாள்.

போன கார்த்திகையில் கண்ணுச்சாமி நெஞ்சு வலித்து இறந்துபோனார். ஜெபகுமார் அனுப்பிய படங்கள் இரண்டு. ஒன்று லைசென்சுக்கு எடுத்தது, முறைத்துப் பார்க்கிற முகம். இன்னொன்று ஆயுதபூஜை அன்று ஜீப் ஸ்டாண்டில் பத்துப் பேரோடு நின்று எடுத்தது. அதில் மனுசன் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆனால் முகம் நகத்தளவுதான் இருந்தது. வேறு யாராயிருந்தாலும் லைசென்சுப் படத்தை வைத்து வழக்கம்போல ஒன்றரை மணி நேரத்தில் முடித்திருப்பாள். கண்ணுச்சாமிக்கு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. சிரித்த முகத்தை வெட்டி எடுத்து, பெரிதாக்கி, நிறம் சேர்த்துக்கொண்டே போனாள். பத்து மணிக்குத் திரை அப்படியே உறைந்து நின்றுவிட்டது. நிறுத்தித் திரும்பப் போட்டாள். மறுபடியும் நின்றது. மூன்றாவது தடவை ஒருவழியாக முடித்து அனுப்பும்போது மணி இரண்டு.

ஒரு மணிக்கே எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டுத் திரும்புகிற நேரத்தில்தான் போஸ்டர் கட்டு அந்த வீட்டுக்குப் போனது. சாயங்காலம் முனீஸ்வரி துக்கம் கேட்கப் போனபோது, கண்ணுச்சாமியின் மனைவி சந்திரவல்லி ஒரு போஸ்டரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை குறையாகச் சொல்லவில்லை. "நல்லாருக்கு ஆத்தா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால்கூட முனீஸ்வரிக்குத் தேவலை என்றிருக்கும்.

மறுநாள் ஜெபகுமார் போனில் தயங்கித் தயங்கிப் பேசினார். இனிமேல் பெரிய வேலைகளைத் தேனியில் ஒரு ஆளிடம் கொடுக்கலாம் என்றிருப்பதாகவும், கண்ணுச்சாமியின் பதினாறாம் நாள் கருமாதிக்குப் பத்துக்கு எட்டு அடியில் ஒரு பேனர் வேண்டும் என்றும், அதை மட்டும் முனீஸ்வரியே செய்யட்டும் என்று சந்திரவல்லி கேட்டுக்கொண்டதாகவும் சொன்னார். "உன் மேல குத்தமில்லக்கா. மிசினு தாங்கலையே" என்றார். வியாழக்கிழமைக்குள் தந்துவிடுவதாக முனீஸ்வரி ஒப்புக்கொண்டாள்.

போடியில் அவள் போய் விசாரித்த கம்ப்யூட்டர் கடைக்காரர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த சிஸ்டம் காயலான் கடைக்குப் போக வேண்டியது, புதுசு வாங்குங்கள் என்று சொல்லிவிட்டார். மாரீஸ்வரனும் பொங்கல் கழியட்டும், பார்க்கலாம் என்றான். கருமாதி பொங்கலுக்குக் காத்திருக்காது. முனீஸ்வரி தானே ஸ்குரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். படிந்திருந்த தூசியைப் பிரஷால் தட்டினாள். மெமரி கூட்டினால் வேகம் வரும் என்று மெக்கானிக் ஒரு தடவை சொல்லி, கழற்றி மாட்டியதைப் பார்த்த ஞாபகத்தில், பச்சைப் பட்டை மாதிரி நின்ற மெமரி இரண்டில் ஒன்றைக் கழற்றி, பழைய வேட்டித் துணியில் சுற்றி, டிபன் பாக்சுக்குள் வைத்துக்கொண்டு தேனிக்குப் பஸ் ஏறினாள்.

தேனியில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் பானுப்பிரியா என்கிற பெண் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தாள். இருபத்திரண்டு படி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி வந்தவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பானுப்பிரியா துணியைப் பிரித்தாள்.

"இது பழைய ரகம்க்கா. புதுசு தேடாதீங்க, கெடச்சாலும் வெல கூட. கழட்டின சிஸ்டத்துல இருந்து நாலு ஜிபி ரெண்டு தர்றேன். எட்டு ஆயிரும்."

இங்கேயே ஓட்டிக் காட்ட முடியுமா என்று முனீஸ்வரி கேட்டாள். நம்பிக்கை இல்லையா என்றாள் பானுப்பிரியா.

"நம்பாம இல்லம்மா. இன்னொருக்க இந்தப் படி ஏற என்னால ஆகாது. அதான் பாத்துட்டே போயிர்றேன்."

பானுப்பிரியா சிரித்துக்கொண்டே மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் இரண்டையும் மாட்டிக் காட்டினாள். சந்தேகம் வந்தால் பேசச் சொல்லித் தன் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து மாட்டி சுவிட்சைப் போட்டதும் பெட்டி பீப் பீப் என்று கத்தியது. திரை இருட்டாகவே இருந்தது. இருந்ததையும் கெடுத்துவிட்டோமோ என்று முனீஸ்வரி உடனே பானுப்பிரியாவுக்குப் போன் போட்டாள். பயந்து பயந்து அழுத்தினால் உட்காராது, இரண்டு பக்கக் கிளிப்பும் தானாக மூடுகிறவரை அழுத்துங்கள் என்றாள் பானுப்பிரியா. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினாள். டக்கென்று சத்தம் கேட்டது. திரையில் வெளிச்சம் வந்தது.

ஆனால் போட்டோஷாப் பழையபடியே ஊர்ந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் மெமரி எட்டு என்று போட்டிருந்தது. பக்கத்திலேயே, பயன்படுவது மூன்றேகால் என்றும் இருந்தது. வேலை முடிந்து வந்த மாரீஸ்வரன் ஏமாற்றிவிட்டார்களா என்று கேட்டான். அவளுக்கும் அந்த நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடியும் போன் போட்டபோது குரலில் கொஞ்சம் கோபம் இருந்தது.

பானுப்பிரியா சுற்றி வளைக்கவில்லை. "என் தப்புக்கா. உங்க விண்டோஸ் எதுன்னு நான் கேட்டிருக்கணும். எட்டு மூட்டை எறக்கியாச்சு, ஆனா உள்ள இருக்கிற ஆளுக்கு மூணுக்கு மேல எண்ணத் தெரியாது. ஆள மாத்தணும். மாத்துனா இப்ப உள்ள இருக்கிறது எல்லாம் அழிஞ்சுரும்."

 அழிக்க முடியாது என்று முனீஸ்வரி சொன்னாள். ஆறு வருசத்து வேலை அதில் இருந்தது. போடி, தேவாரம், ராசிங்காபுரம் என்று ஊர் ஊராகப் பிரித்துப் பெயர் போட்டு வைத்திருந்தாள்.

புதன்கிழமை போடியில் ஒரு ஆபீஸ் வேலைக்கு வந்த பானுப்பிரியா, ஒரு ஹார்ட் டிஸ்கையும் எடுத்துக்கொண்டு மதியத்துக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் அதில் பத்திரப்படுத்தவே மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை இரண்டு பேரும் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, படங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறந்துபோனவர்களின் முகங்களை எதற்கு இத்தனை வருசம் வைத்திருக்கிறீர்கள் என்று பானுப்பிரியா கேட்டாள்.

"வருசம் திரும்பினா வருவாங்க. போன் ஒடஞ்சு போச்சு, போட்டோ தொலஞ்சு போச்சும்பாங்க. எங்கிட்ட இருக்கும். எடுத்துக் கொடுப்பேன்."

 பானுப்பிரியா விண்டோசை மாற்றி, படங்களைத் திரும்ப ஏற்றி, தமிழ் எழுத்துருக்களை ஒன்றுவிடாமல் போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினாள். தன் தப்புக்குக் கூலி வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். முனீஸ்வரி விடாமல், ஒரு பொட்டலம் பச்சை ஏலக்காயை அவள் பைக்குள் திணித்து அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலையில் கண்ணுச்சாமியின் படத்தை முதலிலிருந்து தொடங்கினாள். எவ்வளவு பெரிதாக்கினாலும் திரை நிற்கவில்லை. முதல் போஸ்டருக்கு அவசரத்தில் முகத்தை வழவழப்பாக்கியதில், இடது புருவத்துக்கு மேல் இருந்த வெட்டுத் தழும்பு மறைந்துபோயிருந்தது. இந்தத் தடவை அதைப் பக்குவமாக எடுத்துக் கொண்டுவந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே பேனர் ஜெபகுமாருக்குப் போய்விட்டது.

கருமாதி அன்று வாசலில் கட்டியிருந்த பேனருக்கு முன்னால் சந்திரவல்லி ரொம்ப நேரம் நின்றாள். பிறகு முனீஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தழும்பக்கூட விடலையே ஆத்தா நீ. கல்யாணமான புதுசுல ஜீப்புக் கதவு இடிச்சது. பாக்கிற ஆளுககிட்டயெல்லாம் நான் அடிச்சேன்னு சொல்லிச் சிரிப்பாரு."

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். அப்புறம்தான் அழுதாள். முனீஸ்வரி கையை விடுவிக்காமல் பக்கத்திலேயே நின்றாள்.

தை பிறந்ததும் ஜெபகுமார் பெரிய வேலைகளை மறுபடியும் அனுப்பத் தொடங்கினார். அதோடு புதிதாக ஒரு வேலையும் சேர்ந்துகொண்டது. கருமாதிக்கு வந்திருந்த தோட்டத்துப் பெண்கள் பேனரைப் பார்த்துவிட்டு, வீட்டில் கிழிந்தும் செல்லரித்தும் கிடந்த பழைய படங்களைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவள் ராசிங்காபுரத்து வேலுத்தாய். அவள் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையின் பாதி முகத்தைக் கரையான் தின்றிருந்தது. முனீஸ்வரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் அண்ணன் தம்பி யார் படமாவது இருந்தால் கொண்டுவரச் சொன்னாள். ரெண்டு நாள் ஆகும், செய்துவிடலாம் என்றாள்.