ரப்பர் விதைப் பதக்கம்

கோப்பெங் ஊர்க் கடைத்தெருவின் பின்பக்கக் கொட்டகையில் என் மூன்றாவது வார்ப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு முறையும் மணலில் ஈரம் அதிகமாகி, ஊற்றிய வெள்ளீயம் குமிழியிட்டுக் குழி விழுந்தது. நகை வார்க்கும் சாந்தி அக்கா இரண்டையும் மறுபடி உருக்கும் சட்டியில் போட்டுவிட்டார். இம்முறை கையில் அள்ளி இறுக்கிப் பிடித்துப் பார்த்த மணல் விரலில் ஒட்டாமல் இரண்டாக உடைந்த பிறகுதான் ரப்பர் விதையை அழுத்தி அச்செடுத்தேன்.

ஆறியதும், அச்சு மணலை அடைத்திருந்த மைலோ டின்னைத் தட்டிக் கவிழ்க்கிறேன். விதையின் வரிகள் ஒன்றுவிடாமல் விழுந்திருக்கின்றன. அக்கா திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்.

"இதுவும் சட்டிக்குத்தானாக்கா?"

"இத யாரு போட விடுவா? ஓட்டை போட்டுத் தாரேன், கழுத்துல மாட்டிக்கிட்டுப் போலாம்."

ஈப்போ பஸ்ஸில் ஏறும்போது பதக்கத்தைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொள்கிறேன்.