பிரேக்கில் ஒரு கால்

சக்கர நாற்காலியின் கால்தட்டை ஓங்கி மிதித்தார் அக்கா. ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடி நடைவழியில், நாற்காலியைத் தள்ளிவந்த ஊழியர் திருப்பத்தில் வேகத்தைக் குறைக்கவில்லை. கால்தட்டை மிதித்தால் நாற்காலி நிற்காது என்பது அக்காவுக்குத் தெரியும். அவர் காலுக்குத்தான் தெரியாது.

"அண்ணே, திருப்பத்துல ஒண்ணு வேகத்தைக் குறைக்கணும், இல்ல ஹார்ன் அடிக்கணும். ரெண்டும் இல்லாம பறந்தா எப்படி?"

அந்த ஊழியருக்கு ஐம்பது வயதிருக்கும். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அவர் திருப்பத்துக்குத் திருப்பம் வாயாலேயே ஹார்ன் அடித்தார்.

அக்கா இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கற்பவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வேர்த்து வழிய, பக்கத்து சீட்டில் இவர் உட்கார்ந்திருப்பார். அங்கே இவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. எங்கள் பகுதியில் பாதிப்பேர் உயிரோடு நடமாடுவது அந்த இரண்டாவது பிரேக்கின் புண்ணியம். 'பிரேக் அக்கா' என்றால்தான் ஆளைத் தெரியும். பஸ்ஸில் போனாலும் மிதிப்பார், லிஃப்டில் இறங்கினாலும் மிதிப்பார். டிவியில் யாராவது காரில் துரத்தினால் சோபாவுக்கு முன்னால் கிடக்கும் மிதியடி ஒரு முழம் நகர்ந்துவிடும்.

நான் நாற்பத்தோரு வயதில் அவரிடம் கற்றுக்கொள்ளப் போனேன். முதல் நாளே ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். "பயம் இருக்கலாம் சார், தப்பில்ல. ஆனா அதைப் பின் சீட்டுல உக்கார வைங்க. ஸ்டியரிங் மட்டும் குடுத்துடாதீங்க" என்றார். நான் இரண்டு குப்பைத்தொட்டிகளைச் சாய்த்த பிறகும் அதே குரலில்தான் பேசினார்.

அவர் கைவிட்ட மாணவர் ஒரே ஒருவர், சொந்தக் கணவர். அவர் தையல்காரர். தையல் மிஷினை மிதித்து மிதித்து ஊறிப்போன கால், ஆக்சிலேட்டரையும் அதே தாளத்தில் மிதிக்கும். கார் ஓடாது, குதிக்கும். "இது மிஷின் இல்லீங்க, கார்! நீங்க என்ன ரோட்டுக்கு ஓரம் அடிக்கறீங்களா?" என்று மூன்றாம் நாளே இறக்கிவிட்டார். இது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அந்த மனிதர் அதற்குப் பிறகு கார் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

போன வருடம் அக்காவின் ஈறு வீங்கியது. புது பிரஷ் சரியில்லை என்றார். படியேறினால் மூச்சு வாங்கியது. மாணவர்களிடம் கத்திக் கத்தி வந்த களைப்பு என்றார். அடிக்கடி லேசாகக் காய்ச்சல் வந்தது, அதற்கு மழையைத் திட்டினார். வலது காலில் நீலம் நீலமாகக் கன்றிய திட்டுகள் தோன்றின. அவற்றுக்குத்தான் பிரேக் இருக்கிறதே! இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்குச் சொல்லி இரண்டு மாதம் ஓட்டினார். ஈறில் ரத்தம் கசிந்து தலையணை கறைப்பட்ட பிறகே பல் டாக்டரிடம் போனார்.

பல் டாக்டர் பெண்மணியும் அக்காவிடம் கார் கற்றவர்தான். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தவர், கையுறையைக் கழற்றிவிட்டார். "அக்கா, இது பல்லு விஷயம் இல்ல. இன்னைக்கே ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

"நாளைக்கு மூணு பேருக்கு லைசென்ஸ் டெஸ்ட் இருக்கும்மா. முடிச்சிட்டு வர்றேனே?"

"யோசிக்கறதுக்கு முன்னாடி கால் பிரேக்குல இருக்கணும்னு எனக்குச் சொன்னது யாரு?"

அக்கா எழுந்து நேராக ரத்தம் கொடுக்கப் போனார்.

ரத்தத்தையும் எலும்பு மஜ்ஜையையும் பரிசோதித்து, மோனோசைட்டிக் லுகேமியா என்றார்கள். ரத்தப் புற்றுநோயில் வேகமாகப் பரவும் ஒரு வகை. பார்க்கப் போன எங்கள் முகமெல்லாம் தொங்கிக் கிடக்க, படுக்கையில் இருந்தபடி அக்காதான் எங்களுக்குப் பாடம் எடுத்தார். "எலும்புக்குள்ள இருக்கற மஜ்ஜைதான் ரத்தத்தோட டிரைவிங் ஸ்கூல்னு வெச்சுக்குங்க. அங்க மோனோசைட்டுன்னு ஒரு வெள்ளை அணு படிக்குது. நல்லாப் படிச்சு லைசென்ஸ் வாங்கிட்டு வெளிய வந்தா கிருமியைப் பிடிச்சுத் திங்கும். எனக்கு என்ன ஆச்சுன்னா, எழுத்துகூடத் தெரியாத எல் போர்டு கும்பல் லட்சக்கணக்குல ரோட்டுக்கு வந்துடுச்சு. சிவப்பணு போக வழியில்ல, அதான் களைப்பு. ரத்தத்தை உறைய வைக்கற தட்டணுவுக்கும் வழியில்ல, அதான் கால்ல நீலம். கொஞ்சம் பேரு வழி தவறி ஈறுல போய் பார்க்கிங் போட்டுட்டாங்க!"

கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், இதை அடுத்த நோயாளிக்குச் சொல்லலாமா என்று அனுமதி கேட்டார்.

கீமோ நான்கு சுற்று. முதல் சுற்றில் ஒரு மாதம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். முடி கொட்டியது, வாயெல்லாம் புண். தையல்காரர் மிச்சத் துணிகளில் தொப்பி தைத்துக் கொண்டுவந்தார், தினம் ஒரு நிறம். அக்கா அவற்றைப் போட்டுக்கொண்டு, மருந்துக் குழாய் தொங்கும் ஸ்டாண்டுகளை வார்டில் வரிசையாக நிறுத்தவைத்தார். "அவசரத்துக்கு எடுக்கற மாதிரி நிறுத்துங்கம்மா" என்று நர்சுகளுக்கு உத்தரவு வேறு. ஒரே ஒருநாள் மட்டும், யாரும் இல்லாதபோது, என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், மறுபடியும் அந்த சீட்டுல உக்காருவேனா?" நான் நல்ல பொய்யன்தான், அன்றைக்கு ஒன்றும் வாய்க்கவில்லை.

கடைசிச் சுற்று முடிந்து மீண்டும் மஜ்ஜைப் பரிசோதனை. கெட்ட அணுக்கள் மிச்சமிருந்தால் அக்காவின் தம்பி ஒருவரின் மஜ்ஜையிலிருந்து அணுக்களை எடுத்து ஏற்ற வேண்டும். அது பெரிய வைத்தியம், பெரிய ஆபத்து. முடிவு தெரியும் நாளில் டாக்டரின் மேஜைக்கடியில் அக்காவின் கால் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

"சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். "ஆனா திரும்பி வராதுன்னு எழுதித் தர முடியாது. முதல் ரெண்டு மூணு வருஷம் முக்கியம். மாசாமாசம் ரத்தம் பாக்கணும்."

"புரியுது டாக்டர். பச்சை விளக்குதான், ஆனாலும் ரெண்டு பக்கமும் பாத்துதான் போகணும்."

சொல்லிவிட்டு அழுதார். நானும் அழுதேன், மறைப்பானேன்.

வாசலில் அக்காவின் டிரைவிங் ஸ்கூல் கார் நின்றது. ஸ்டியரிங்கின் பின்னால் தையல்காரர்! ஐந்து மாதமாக விடியற்காலையில் போட்டி டிரைவிங் ஸ்கூலில் ரகசியமாகப் படித்திருக்கிறார். லைசென்ஸை எடுத்து நீட்டினார். அக்கா இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"அங்கயா போனீங்க? நம்ம எதிரிகிட்டயா?"

"நீதான் என்னை இறக்கிவிட்டுட்டியே. ஏறு, வீட்டுக்குப் போலாம்."

அக்கா தன் பழைய சீட்டில் உட்கார்ந்து பெல்ட் போட்டார். கால் தானாகப் பிரேக்கைத் தேடிப் போனது. நான் பின் சீட்டில், பயத்தோடு. கார் கிளம்பியது, ஒரு தடவை குதித்தது, பிறகு ஒழுங்காகப் போனது. நாலு தெரு சேரும் பெரிய ரவுண்டானா வந்தது. குறுக்கே ஒரு லாரி. நான் முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு தரையை மிதித்தேன்.

அக்கா குனிந்து செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் மேலே தூக்கி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.