கரையாத கலர்

அண்ணன் துபாயிலிருந்து கொடுத்துவிட்ட பெட்டியை மைனி முதலில் திறந்து காட்டியது எனக்குத்தான். எங்கள் பாறசாலைப் பக்கத்தில் அண்ணன் மனைவியை அண்ணி என்று யாரும் கூப்பிடுவதில்லை, மைனிதான். கறுப்புப் பெட்டி, மூடியில் கண்ணாடி. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் தட்டுத்தட்டாக விரிந்தது. ஒவ்வொரு தட்டிலும் வரிசையாகக் குழிகள், குழிக்கு ஒரு கலர். நீலம், கிளிப்பச்சை, ஊதா, வெள்ளி, ரோஸ், ஓரத்தில் யாரும் சீண்டாத தவிட்டு நிறம். நுனியில் பஞ்சு வைத்த குட்டிக் குச்சிகளும் இருந்தன.

"இது கண்ணுக்கு மேல இடுறதாக்கும். ஐ ஷேடோன்னு பேரு," என்றாள் மைனி.

"ஷேடோன்னா நிழல் இல்லியா மைனி? நிழலு எப்படி பச்சையா இருக்கும்?"

"அதக் கண்டுபிடிக்கத்தானே உன்னக் கூப்பிட்டேன். எட்டீ, வந்து இரி."

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. நான் நெய்யாற்றின்கரையில் பாரலல் காலேஜ் என்கிற ஒரு தனியார் டுடோரியலில் பி.காம் படிப்பதாக வீட்டில் நம்பிக்கொண்டிருந்தார்கள். மைனி நாகர்கோவிலில் பியூட்டிஷியன் கோர்ஸ் முடித்துவிட்டு, அமரவிளையில் ஒரு மாடி அறையைப் பிடித்துக் கடை தொடங்கியிருந்தாள். அம்மாவுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. "கண்டவளுக்க முகத்துல சாயம் தேய்க்கதுக்கா உன்ன இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம்?" என்று தேங்காய் துருவிக்கொண்டே கேட்பாள். மைனி துருவினதை அள்ளிக்கொண்டுபோய் மிக்ஸியைப் போட்டுவிடுவாள்.

கடைக்குப் புருவம் திருத்தவும் முடி வெட்டவும்தான் ஆள் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் முதல் கல்யாணப் பெண் வந்தாள். பொழியூர் பக்கம் கடற்கரைக் குடும்பம், லத்தீன் கத்தோலிக்கர். பெண்ணின் அப்பா முந்தின வருடம் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. பெண்ணும் அவளுடைய அம்மாவும் மட்டும் வந்திருந்தார்கள். அந்த அம்மா வெள்ளைச் சேலையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மைனி பெட்டியை விரித்துக் காட்டி, என்ன செய்யலாம் என்று விளக்கினாள். அந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது ஒன்றுதான்.

"எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு மோளே. ஆனா கல்யாணத்தண்ணைக்கு கரைஞ்சிரப்பிடாது. அது ஒண்ணுதான் எனக்குப் பயம்."

"கரையாதம்மா. அது எனக்க பொறுப்பாக்கும்," என்றாள் மைனி.

அந்தப் பயம் எங்களுக்கும் நன்றாகத் தெரிந்த பயம்தான். சில மாதம் முன்பு எங்கள் சொந்தத்திலேயே ஒரு கல்யாணத்தில் யாரோ பெண்ணுக்கு நீலம் பூசிவிட, வீடியோக்காரன் லைட்டைப் போட்டதும் அது வழிந்து, அடி வாங்கினவள் மாதிரி அவள் நின்ற காசெட் வீடு வீடாகப் போய்வந்தது. அம்மாவும் அதை இரண்டு தடவை பார்த்திருந்தாள். ஆர்டர் விஷயம் காதில் விழுந்ததும் மைனியைக் கூப்பிட்டாள்.

"இந்தக் கல்யாணமும் அதுமாதிரி குளமாச்சுன்னா, கடையப் பூட்டி தாக்கோல எனக்க கையில தந்திரு. சம்மதமா?"

"சம்மதம் மாமி," என்றாள் மைனி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவியைக் கேட்க அம்மா யார்? கடை அட்வான்ஸுக்குத் தன் வளையலை அடகு வைத்தவள் மைனி. ஆனால் மைனி வாக்குக் கொடுத்துவிட்டாள். இனி கலர் நிற்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி, நிற்க வைத்துப் பார்க்க ஒரு முகம் வேண்டும். அந்த முகம் நான்.

முதலில் கையில் இட்டுப் பார்த்தோம். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கோடு கோடாக. அங்கேதான் எனக்கு முதல் அதிசயம். பெட்டிக்குள் ராணி மாதிரி இருந்த கிளிப்பச்சை என் தோலில் ஏறியதும் காணாமல் போனது. ரோஸ் வெளுத்துச் சாம்பலானது. வெள்ளி மினுமினுத்தது, ஆனால் ஊதினால் பறந்து கன்னத்தில் உட்கார்ந்தது. யாரும் சீண்டாத தவிட்டு நிறம் மட்டும் விரலில் வெண்ணெய் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்து, தோலில் படிந்து, அங்கேயே இருந்தது. இதையெல்லாம் செய்தவன் எந்தத் தோலை மனதில் வைத்துச் செய்தான் என்று நான் அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒத்துப்பார்க்க வேண்டுமே என்று நெய்யாற்றின்கரை ஃபேன்சி கடையில் இன்னொரு பெட்டியும் வாங்கினோம். அது கரடுமுரடு. நகத்தால் சுரண்டினால் சாக்பீஸ் மாதிரித் தூள் கொட்டியது. ஆனால் அதன் ஊதா இருக்கிறதே, இட்டால் போகவே போகாது. தேங்காய் எண்ணெய், சோப்பு, கடலைமாவு, ஒன்றுக்கும் மசியவில்லை. மறுநாள் அந்த ஊதாக் கண்ணோடு கிளாசுக்குப் போனேன். சார் பாடத்தை நிறுத்திவிட்டு, வீட்டில் யாராவது அடித்தார்களா என்று தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். மைனி இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இருமிவிட்டாள்.

பிறகு ஒரு கண்ணுக்கு ஒரு விதம் என்று ஆரம்பித்தோம். இடது கண்ணில் வெறும் தோல்மேல் கலர், வலது கண்ணில் அடியில் டால்கம் பவுடர் தொட்டு மேலே கலர். இப்படியே வெள்ளறடை பஸ்ஸில் ஏறி மலைப்பக்கம் வரை போய்த் திரும்புவேன். ஒரு நாள் ஒரு கண் பச்சை, ஒரு கண் நீலம். கண்டக்டர் என் முகத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, "ரெண்டு டிக்கெட் வேணோ?" என்றார்.

"எடுத்தா ரெண்டு சீட்டு தருவியளா?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. எனக்கு வெட்கமாக இல்லை. இறங்கும்போது எந்தக் கண் பிழைத்திருக்கும் என்கிற ஆவல்தான் பெரிதாக இருந்தது.

மத்தியானம் ஆனதும் எல்லாக் கலரும் ஒரே தப்பைச் செய்தன. இமை மடிகிற இடத்தில் போய்ச் சேர்ந்து ஒரு கோடாகத் திரண்டுவிடும். கண் திறந்திருந்தால் தெரியாது, மூடினால் அசிங்கம். மைனி பல விதமாக முயன்றாள். கடைசியில் பஞ்சுக்குச்சியை ரோஜாப் பனிநீரில் நனைத்து, தவிட்டு நிறத்தை ஈரமாகத் தொட்டு மெல்லிசாக இட்டு, காயவிட்டு, மேலே உலர்ந்த தூளை ஒற்றினாள். வேலை செய்யும்போது கலரோடு பேசுவது அவளுக்குப் பழக்கம். "ஒட்டிப் பிடி மக்கா," "உதிர்ந்தா உதை உண்டு," என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அன்று அது ஒட்டிப் பிடித்தது. பக்கத்து ஸ்டூடியோ வீடியோக்காரரிடம் கெஞ்சி அவருடைய லைட்டின் முன்னால் வியர்த்து ஒழுகும் வரை உட்கார்ந்தேன். கடற்கரைக் காற்றில் நின்றேன். குழாயடியில் முகம் கழுவினேன். தவிட்டு நிறம் அசையவில்லை. ஷேடோ என்று ஏன் பேர் வைத்தார்கள் என்பதும் அப்போதுதான் புரிந்தது. அதை இட்டால் கலர் இட்டதே தெரியவில்லை, கண் மட்டும் கொஞ்சம் ஆழமாகத் தெரிந்தது.

கல்யாண நாளில் விடியும்போதே பெண் வீட்டில் இருந்தோம். நான் பனிநீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டேன். ஈரமாக ஒரு தடவை, காய்ந்ததும் தூள் ஒரு தடவை. கடைசியாக இமையை ஒற்றிவிட்டு மைனி, "இனி கரையப்பிடாது, கேட்டியா," என்றாள். கண்ணாடியில் பெண் தலையை ஆட்டினாள்.

கோயிலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெள்ளைச் சேலை, தலையில் நெட் முக்காடு, எரிகிற வீடியோ லைட். நான் ஜெபப்பாட்டு ஒன்றையும் கேட்கவில்லை, அந்த இரண்டு இமைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். விருந்து முடிந்து, பெண் அவர்கள் கொடுத்த மந்திரகோடிச் சேலைக்கு மாறி மாப்பிள்ளை வீட்டுக்குப் புறப்படும் நேரம் வரை ஒரு பொட்டுக்கூட நகரவில்லை. மைனி என் கையைப் பிடித்து அமுக்கினாள். அவ்வளவுதான், ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

வாசலில் கார் நின்றது. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெண்ணைக் கட்டிப்பிடித்து விடைகொடுத்தார்கள். பெண் கட்டை மாதிரி நின்றாள். பின்னால் பெண்களின் குரல் எழ ஆரம்பித்தது.

"அப்பன் இல்லாத பிள்ளை. ஒரு சொட்டு கண்ணீரு வருதா பாரு."

"துபாய்க்காரன் கிடைச்சாச்சு இல்லியா. இனி என்ன வேணும்?"

எனக்கு அவர்கள் மேல் வந்த கோபத்துக்கு அளவில்லை. பெண்ணின் அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள், முன்னால் வரவில்லை. மைனி பெண்ணின் முந்தானையைச் சரிசெய்ய அருகே போனாள், நானும் போனேன். பெண்ணின் தாடை இறுகி, கழுத்து நரம்பு துடித்துக்கொண்டிருந்தது. அவள் உதடு அசையாமல் மைனியிடம் கேட்டாள்.

"சேச்சி, இனி நான் கரையட்டா?"

மைனிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கும்தான்.

"நீங்க விடியக்காலத்த சொன்னியளே, இனி கரையப்பிடாதுன்னு. அப்பம் முதல் பிடிச்சு வச்சிருக்கேன். கோயில்ல அப்பாக்க பேரு சொன்னப்பமும் பிடிச்சு வச்சேன். இனி முடியாது சேச்சி."

எங்கள் பக்கத்தில் கரைவது இரண்டு. தண்ணீர் பட்டால் சாயம் கரையும். மனம் உடைந்தால் ஆள் கரையும், அது அழுவது. மலையாளத்திலிருந்து வந்து எங்கள் பேச்சில் உட்கார்ந்த சொல். மைனி அன்று காலையில் பேசியது கலரோடு. பெண் அதைத் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா கடையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பயந்ததும் கலரைப் பற்றி இல்லை. மகள் கரைந்தால் தானும் நிற்கமாட்டேன் என்பதுதான் அந்தப் பயம். நாங்கள் பஸ்ஸிலும் வெயிலிலும் குழாயடியிலும் இட்டுப் பார்த்தோம். கண்ணீரில் இட்டுப் பார்க்க எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

வீடியோக்காரர் லைட்டை உயர்த்திக்கொண்டு நெருங்கி வந்தார். இனி இதெல்லாம் காசெட்டில் ஏறும். அந்தக் காசெட் எங்கள் வீட்டுக்கும் வரும், அம்மா பார்ப்பாள். மைனியும் லைட்டைப் பார்த்தாள். பிறகு பெண்ணின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"நான் கலர்ட்ட சொன்னேன் மக்கா, உன்ட்ட இல்ல. நீ கரை. கலர் போனா போவட்டு."

பெண் உடைந்தாள். அப்படி ஒரு அழுகையை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அப்பா, அப்பா என்று மட்டும்தான் சொன்னாள். கதவுக்குப் பின்னாலிருந்து அவள் அம்மா ஓடிவந்து சேர்த்துப் பிடித்தாள். பேசிக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். நானும் அழுதேன். அழுதுகொண்டே எட்டியும் பார்த்தேன், என்ன செய்ய, பழகிவிட்டது. இமைமேல் இருந்தது பாதி நின்றது. மீதி கண் மையோடு சேர்ந்து இறங்கிக் கன்னம் வழியாக ஓடி, அவள் அம்மாவின் வெள்ளைச் சேலைத் தோளில் தவிட்டு நிறத்தில் படிந்திருந்தது.

கார் போன பிறகு அந்த அம்மா மைனியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் பயந்தது வெறுதே மோளே. அவ கரைஞ்சப்பம்தான் எனக்கும் மூச்சு விட முடிஞ்சுது," என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் மைனி கடைச் சாவியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அதை அம்மாவிடம் நீட்டினாள். "குளமாச்சு மாமி. கலர் கரைஞ்சு போச்சு." அம்மா வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் அம்மாவோடு சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடை பூட்டியே கிடந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோக்காரர் அந்தக் கல்யாணக் காசெட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா டிவி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். மைனி அடுக்களைக்குள் போய்விட்டாள். கார் வாசலில் நிற்கிற இடம் வந்தது. மைனி பெண்ணின் கன்னத்தைப் பிடிக்கிறாள், பெண் உடைகிறாள், தவிட்டு நிறம் வழிகிறது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. காசெட் ஓடி முடிந்ததும் மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைக்கப் போன அம்மாவின் கையில் முடிச்சு தட்டுப்பட்டது. அவிழ்த்துச் சாவியை எடுத்தாள்.

"எட்டீ, இத உனக்க மைனிட்ட கொடு," என்றாள் என்னிடம். "பிள்ளைக்கு அப்பன் போன சங்கடம். அது கரைஞ்சா கலர் என்ன செய்யும்?"

கடையைத் திறந்த வாரத்திலேயே கடற்கரையிலிருந்து இன்னொரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்தக் கல்யாணத்தில் இட்ட அதே தவிட்டு நிறம்தான் வேண்டும் என்றாள். மைனி பெட்டியை விரித்தாள்.

"ஆனா ஒண்ணு மோளே," என்றாள் அந்த அம்மா, "அண்ணைக்கு கரையாம இருக்குமா?"

மைனி பஞ்சுக்குச்சியைக் கீழே வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"யாரு கரையிறதக் கேக்குதிய அம்மா," என்றாள், "கலரா, பிள்ளையா?"