பொன்னாடையும் பாதி மண்டபமும்

எங்கள் முதியோர் சங்கம் உக்ரேனுக்கான தன் ஆதரவை மூன்று முறை தீர்மானமாக நிறைவேற்றியிருக்கிறது. மூன்றையும் எழுதியவன் நான். செயலாளர் பதவி அதற்குத்தான். கொழும்பில் ஒரு திணைக்களத்திலும் பிறகு ரொறன்ரோவில் ஓர் அரச அலுவலகத்திலும் ஓய்வுபெறும்வரை நான் செய்த வேலையும் ஏறக்குறைய அதுதான். ஒன்றும் நடக்காத இடத்தில் ஏதோ நடந்ததுபோல் வாக்கியம் அமைப்பேன்.

முதல் தீர்மானம் படையெடுப்பை வன்மையாகக் கண்டித்தது. இரண்டாவது, எவ்வளவு காலம் சென்றாலும் துணை நிற்போம் என்றது. மூன்றாவது எழுதும்போது காலம் உண்மையிலேயே சென்றுவிட்டிருந்தது. ஆகவே, நிலைமையை ஆழ்ந்த கரிசனையோடு அவதானிக்கிறோம் என்று முடித்தேன். பெரிய தலைநகரங்களில் எழுதுகிறவர்களும் இதே ஒழுங்கில்தான் போகிறார்கள் என்பதைத் தொலைக்காட்சியில் கண்டபோது, ஒரு சக தொழிலாளியின் பெருமிதம் வந்தது.

எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது, ஓர் உக்ரேனியர் எங்களிடம் நேரே வந்து உதவி கேட்கும்வரை.

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவின் மேல்மாடியில் எங்கள் மண்டபம். கீழே பேக்கரி. அந்தப் பெண் பேக்கரியில் பாண் வெட்டிப் பையில் போடுகிறவர். உக்ரேனில் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர். சனிக்கிழமை பின்னேரங்களில் இங்கே தங்கள் நாட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். வகுப்பு நடந்த இடத்தை உரிமையாளர் விற்றுவிட்டார். மாத முடிவுக்குள் வேறிடம் கிடைக்காவிட்டால் வகுப்பைக் கலைக்க வேண்டும். ஒருமுறை கலைந்தால் திரும்பக் கூட்ட முடியாது. மேல்மாடியைச் சனிக்கிழமை பின்னேரத்தில் தருவீர்களா என்று கேட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் முன்னூற்றி நாலு சீட்டு விளையாடுகிற நேரம்.

செயற்குழு அவசரமாகக் கூடியது. உக்ரேனுக்கு உதவ வேண்டும் என்பதில் ஒருவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. சீட்டாட்டத்தைக் கைவிட முடியாது என்பதிலும் இல்லை. நீண்ட விவாதத்தின் பின், அந்தப் பெண்ணை அழைத்துப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பது என்று ஏகமனதாக முடிவாயிற்று. பிறகு பொன்னாடையின் நிறம் வந்தது. உக்ரேன் கொடிபோல் நீலமும் மஞ்சளும் சேர்ந்த ஆடை ஸ்காபரோ கடைகளில் இல்லை. நீலம் ஒன்றும் மஞ்சள் ஒன்றுமாக இரண்டு போர்த்துவோம் என்றார் எங்கள் தலைவர். ஊரில் பொறியியலாளராக இருந்தவர். இப்போது பிக்கரிங்கிலிருந்து கார் ஓட்டி வந்து தலைமை தாங்குகிறார்.

விழாவன்று அந்தப் பெண் வேலை உடுப்போடு மேலே வந்தார். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு பொன்னாடைகள் அவர் தோளில் ஏறின. படம் எடுத்தோம். தலைவர் ஆங்கிலத்தில் வரவேற்றுவிட்டு, இப்போது எல்லா நாடுகளும் போர்நிறுத்தம் பற்றிப் பேசுகின்றனவே, அது நல்ல செய்திதானே என்று கேட்டார்.

"சண்டை நிற்க வேண்டும் என்று என்னைவிட விரும்புகிறவர் இந்த அறையில் இல்லை," என்றார் அவர். "ஆனால் இன்றைக்கு இருக்கிற இடத்தில் நின்றால், என் அம்மாவின் வீடு அந்தப் பக்கம் போய்விடும். நிறுத்துங்கள் என்று சொல்கிறவர்கள் எல்லோருடைய வீடும் இந்தப் பக்கம்."

தபாலதிபராக இருந்து ஓய்வுபெற்ற எங்கள் மூத்த உறுப்பினர் என் பக்கம் சரிந்தார். எழுபது தாண்டிய என்னைத் தம்பி என்று கூப்பிட இந்த நகரத்தில் மிஞ்சியிருப்பவர் அவர் ஒருவர்தான். எங்கள் ஊரில் கடைசிச் சண்டை நடந்தபோது, போர்நிறுத்தம் கேட்டு இங்கே அதிவேகப் பாதையில் ஏறி நின்றவர்களில் அவரும் ஒருவர். நகரம் அன்று எங்களுக்காக மிகவும் கவலைப்பட்டது. வாகன நெரிசல் எப்போது தீரும் என்று.

"என்ன தம்பி உது? சண்டை நிக்கட்டும் எண்டால் யோசிக்கிறா. நாங்கள் உதைக் கேட்டுத்தானே றோட்டில நிண்டனாங்கள்?"

"நாங்கள் நிண்டது சனம் சாகாமல் இருக்க அண்ணை. வீடு வாசலைப் பிறகு பாப்பம் எண்டுதானே இருந்தனாங்கள்."

"ஓம். பிறகு ஆர் பாத்தது?" என்று சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

கைதட்டல் முடிந்தது. அந்தப் பெண் பொன்னாடைகளைக் கழற்றி ஒழுங்காக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, "மிகவும் நன்றி. சனிக்கிழமை என்ன செய்வது?" என்று கேட்டார்.

சமாதானப் பேச்சு அடுத்த வாரம் தொடங்கியது. தலைவரும் தபாலதிபரும் நானும் கலந்துகொண்டோம். அந்தப் பெண்ணை அழைக்கவில்லை. முதலில் எங்களுக்குள் ஒரு நிலைப்பாடு வேண்டும் அல்லவா. நானும் சீட்டு விளையாடுகிறவன் என்பதால் எனக்கு இதில் நலன் முரண்பாடு உண்டு என்று முறைப்படி அறிவித்தேன். அறிவிப்பைக் குறிப்பேட்டில் பதிந்துவிட்டு, தொடர்ந்து வாக்களித்தேன். விதி அறிவிக்கத்தான் சொல்கிறது.

"பாதியைக் குடுப்பம்," என்றார் தலைவர். "நடுவில அந்தச் சில்லு வைச்ச தடுப்பை இழுத்து விட்டால் சரி."

"எந்தப் பாதி?" என்றார் தபாலதிபர்.

"நீங்கள் இருக்கிற இடத்தில நீங்கள் இருங்கோ அண்ணை. கள நிலவரத்தை மாத்தேலாது."

கள நிலவரம் என்னவென்றால், யன்னல்கள் இரண்டும் ஹீட்டரும் நாங்கள் இருக்கிற பக்கம். மற்றப் பக்கம் பழைய கதிரைகளும் விழாப் பதாகைகளும் அடுக்கிய சுவர். இதை நான் எழுத்தில் வைத்தேன். தடுப்பு இப்போதைய இடத்திலிருந்து அசையாது. பிள்ளைகள் பாட்டுப் பாட மாட்டார்கள். இரு தரப்பும் இந்த ஏற்பாட்டில் திருப்தி கொள்கின்றன. நல்ல தமிழில், அதைவிட நல்ல ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் வேலை முடிந்து வந்து, நின்றபடி இரண்டு தரம் வாசித்தார்.

"பிள்ளைகள் பாட மாட்டார்கள் என்று நான் உத்தரவாதம் தர வேண்டும்."

"ஓம்," என்றார் தலைவர்.

"உங்கள் மேசை இன்னும் இந்தப் பக்கம் வராது என்பதற்கு யார் உத்தரவாதம்?"

தலைவர் என்னைப் பார்த்தார். சங்கத்தின் நல்லெண்ணம் என்றேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பேக்கரியில் பழகிய முகம். நேற்றைய பாணா என்று கேட்கிறவர்களுக்கு எந்த முகத்தைக் காட்டுவாரோ அதே முகம்.

"பிள்ளைகளுக்கு இடம் வேண்டும். பாதியை எடுத்துக்கொள்கிறேன்," என்றார். "பாட மாட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, எழுத்துகளைப் பாட்டாகத்தான் படிப்பிப்பேன். எனக்குத் திருப்தி என்று கையெழுத்தும் வைக்க மாட்டேன்."

அவர் போன பிறகு தலைவருக்கு உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது. "இடமும் குடுத்து, கையெழுத்தும் இல்லையெண்டால் என்னெண்டு? நான் பேப்பர்காரருக்கு வேற சொல்லிப் போட்டன்." கைகுலுக்கும் படத்துக்கு அவர் கழுத்தில் கட்டப் புதிதாக ஒரு ரை வாங்கியிருந்தார்.

வகுப்பு தொடங்கிய சனிக்கிழமை, தடுப்புக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பகலிலும் விளக்குப் போட வேண்டியிருந்தது. பாட்டு ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கம் வெயிலும் சூடும் நான்கு கிழவர்களும். தபாலதிபரின் முதுகு தடுப்போடு ஒட்டியிருந்தது. அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று கதிரையை ஆட்டுந்தோறும் தடுப்பு அவரை இடித்தது. நல்ல சீட்டு வந்த கையில் மூன்று தரம் இடித்தது.

"உப்பிடி இடிச்சால் என்னெண்டு விளையாடுறது?"

"செயலாளரிட்டை முறைப்பாடு எழுதிக் குடுங்கோ அண்ணை," என்றார் தலைவர். தடுப்பு மீறல் எந்தப் பிரிவில் வரும் என்று நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

தபாலதிபர் எழுந்தார். போய்ச் சத்தம் போடப்போகிறார் என்று நினைத்தோம். அவர் தடுப்பின் அடியில் உருளும் சில்லுகளின் பூட்டைக் காலால் தட்டிவிட்டு, தடுப்பை எங்கள் பக்கம் இழுத்தார். அது கிரீச்சிட்டுக்கொண்டு வந்தது. முதல் யன்னலைத் தாண்டியும் வந்தது.

"அண்ணை, உது கமிற்றி தீர்மானிச்ச இடம்," என்றார் தலைவர்.

"கமிற்றியின்ர முதுகையே இடிக்கிறது? பிடியுங்கோ மேசையை."

சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மேசையின் ஒரு மூலையை நான் பிடித்தேன். ஒருதலைப்பட்சமாக, நிபந்தனை எதுவுமின்றி, ஒரு யன்னலின் அகலத்துக்குப் பின்வாங்கினோம். இதற்கு எங்கள் சங்க யாப்பின் விதிகளில் முன்னுதாரணம் கிடையாது.

அந்தப் பக்கம் பாட்டு நின்றது. அந்தப் பெண் நன்றி சொல்லவில்லை. கடைசி வரிசைக் கதிரைகளை இழுத்து வந்து வெளிச்சத்தில் போட்டார். எழுத்துப் பலகையையும் அங்கே திருப்பினார். பிறகு தடுப்பின் ஓரமாக எட்டிப் பார்த்து என்னிடம் எதையோ கேட்டார்.

"என்னவாம் அவ?" என்றார் தபாலதிபர்.

"மற்ற யன்னலும் வேணுமாம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபகுழு ஒன்று அமைக்கலாம் என்றார்.

"கேக்கட்டும். கேக்கிறது அவவின்ர வேலை," என்றார் தபாலதிபர், புதிய கையை விரித்துப் பார்த்தபடி. "விடுறதோ இல்லையோ எண்டது எனக்கு வாற சீட்டைப் பொறுத்தது."