பாலாவியில் குடித்த தண்ணீர்

நோன்பு பிடித்திருந்த ஒரு மனிதனை, ஒரு பொய் சொல்லி, ஆவணி மாதத்து வெயிலில் சைக்கிள் ஓட வைத்தேன். அவன் உடைந்து விழுந்த பிறகு அவனை வென்றேன். அந்த வெற்றிக்கு மாலை போட்டுக்கொண்டேன்.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். மற்றதெல்லாம் விளக்கம்.

புத்தளத்தில் என் தொடையைத் தொட்டுப் பார்க்காத ஆண்கள் குறைவு. தகப்பன்மார் பிள்ளைகளைக் கூட்டி வந்து, "தொட்டுப் பார் மகன், இரும்பு மாதிரி" என்பார்கள். நானும் சாறத்தை மடித்துக் காட்டிக்கொண்டு நிற்பேன். சந்தையில் விலைபேச நிறுத்திய மாட்டைப் போல! இன்று குளிக்கும்போது அந்தத் தொடைகள் கையில் தட்டுப்பட்டால் எனக்குக் குமட்டுகிறது. தோல் தொங்கிவிட்டது. அருவருப்பு மட்டும் தொங்கவில்லை.

என் ஊர் எத்தாளை. பெயர் மனுவேல். தபால் கந்தோரில் தந்தி கொண்டுபோய்க் கொடுக்கிற சேவகனாகப் புத்தளத்துக்கு வந்தவன். அந்த வேலைதான் என் கால்களை வளர்த்தது. நான் ஓடியது சைக்கிளில் நேர ஓட்டம். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ... அதில் எல்லாரும் ஒன்றாகப் புறப்படுவதில்லை. ஒருவன் போய்ச் சில நிமிடங்கள் கழித்துத்தான் அடுத்தவன். கடிகாரம்தான் எதிரி. வேறொருவன் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. எனக்கு ஏற்ற விளையாட்டு அது. இப்போது நினைத்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்பே நான் அந்தக் கரையின் வீரன். சிலாபத்திலிருந்து வந்தவர்களும் என்னிடம் தோற்றுப் போனார்கள். பிறகு காசிம் வந்தான்.

காசிம் ஒரு பேக்கரியின் பாண் சைக்கிள்காரன். பின்னால் தகரப் பெட்டி, பெட்டி நிறையப் பாண். விடிந்ததும் பாலாவி வரை போவான். ஒரு நாள் நான் வெறும் சைக்கிளில், பயிற்சிக்காக, அந்த வழியே விரைந்தேன். பின்னால் பெட்டி கடகடக்கிற சத்தம் கேட்டது. வேகத்தைக் கூட்டினேன். சத்தம் விலகவில்லை. இன்னும் கூட்டினேன்... பாலாவிச் சந்தியில் அவன் என் பக்கத்தில் வந்து சிரித்தான்.

"அண்ணே, நல்லா ஓடுறீங்க. உங்களைப் பார்த்துத்தான் நானும் மிதிச்சேன்."

பாண் பெட்டியோடு! எனக்கு மூச்சு வாங்கியது. அவனுக்கு வாங்கவில்லை.

அன்றிலிருந்து அவன் என்னோடு ஒட்டிக்கொண்டான். டயர் கிடைக்காத யுத்த காலம்; என் பழைய டயரைக் கொடுத்தேன். அதற்காக அவன் உம்மா எனக்குச் சோறு அனுப்பினார். ஊரில் எங்களை அண்ணன் தம்பி என்றார்கள். நானும் அப்படியே சொல்லிக்கொண்டேன். ஆனால் ஒவ்வொரு காலையும் அந்தப் பெட்டியின் கடகடப்பு கேட்கும்போது, அது என்னை முந்திவிடக் கூடாது என்றே மிதித்தேன்.

யுத்தம் முடிந்தது. துரைமார் மகிழ்ச்சியில் இருந்தார்கள். வெற்றியைக் கொண்டாட விளையாட்டுகள் வைக்கச் சொன்னார்கள். சைக்கிள் ஓட்டமும் உண்டு. புத்தளத்திலிருந்து மதுரங்குளி போய்த் திரும்பவேண்டும். முதலாவதாக வருபவனுக்குக் கொழும்பில் ஓட இடம் கிடைக்கும். ஒரு சைக்கிள் கம்பனி அங்கே வேலையும் தருவதாகப் பேச்சு. காசிமுக்கு அந்த வேலை வேண்டியிருந்தது. பாண் பெட்டியை இறக்கி வைக்க அவனுக்கு வேறு வழி இல்லை.

ஒழுங்குகளைக் கவனித்தவர் பொன்னுத்துரை மாஸ்டர். பள்ளிக்கூடத்தில் தேகப்பயிற்சி சொல்லிக் கொடுப்பவர், நேர்மையான மனிதர். என்னைக் கூப்பிட்டார்.

"மனுவேல், இது நோன்பு மாதம். காசிம் ஓடுறதெண்டால் பெருநாளுக்குப் பிறகு வைக்கிறதுதான் நியாயம். துரையிட்ட நான் கதைக்கிறன். நீர் அவனோட பழகிற ஆள். அவனிட்ட ஒருக்காக் கேட்டுச் சொல்லும்."

மறுநாள் போய்ச் சொன்னேன். "கேட்டன் மாஸ்டர். அவனுக்குப் பிரச்சினை ஒண்டும் இல்லையாம். இந்த மாசமே வைக்கச் சொன்னான்."

"பின்னேரம் வைச்சாலுமோ? துரைமார் அப்பதான் வருவினம்."

"ஓம். அதுவும் கேட்டன்."

நான் கேட்கவே இல்லை. அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. அந்தப் பொய் நாக்கில் எவ்வளவு இலகுவாக வழுக்கி வந்தது தெரியுமா? ஏற்கெனவே அங்கே ஊறிக் கிடந்ததுபோல.

பிறகுதான் காசிமிடம் போனேன்.

"தம்பி, இந்த மாசம்தானாம். துரை ஓட்ட நாளை மாத்தமாட்டாராம்."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க சொல்லிப் பார்த்தீங்களா அண்ணே?"

"சொல்லிப் பார்த்தன். சரிவரல்ல. நீ மாஸ்டரிட்டப் போய் நிக்காத. முறைப்பாடு எண்டு பேரை வெட்டிப் போடுவாங்க."

"அப்ப என்ன செய்ய. ஓடுவோம்."

"ஒரு நாளைக்கு நோம்பை விட்டா என்ன?"

இதை ஏன் கேட்டேன்? அக்கறையாலா? அவன் விடமாட்டான் என்பதை உறுதிசெய்துகொள்ளத்தான் கேட்டேன்.

"சைக்கிள் ஓடுறதுக்காக நோம்பை விட்டுட்டு உம்மாட முகத்தில எப்பிடி முழிக்கிற அண்ணே?" என்று சிரித்தான்.

நான் நிம்மதியாக வீடு திரும்பினேன். ஆம்... நிம்மதியாக.

ஓட்ட நாளில் காற்று தெற்கிலிருந்து வீசியது. போகும்போது முகத்தில் அறையும். திரும்பும்போது முதுகைத் தள்ளும். தள்ளுகிற காற்று நல்லது என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஓடுகிறவனுக்குத்தான் தெரியும். காற்றும் நீயும் ஒரே வேகத்தில் போகும்போது உடம்பில் காற்றே படாது. வியர்வை காயாது. அடுப்புக்குள் இருப்பதுபோல உள்ளே வேகும். காசிமுக்கு அது திரும்பும் வழியில்தான் நடக்கும் என்று முதல் நாளே கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

பழைய வீரன் என்பதால் என்னைக் கடைசியாக விட்டார்கள். எனக்கு முன்னால் காசிம். புறப்படுமுன் என்னைப் பார்த்துத் தலையசைத்தான். உதடுகள் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தன. நான் அப்போதுதான் செவ்விளநீர் குடித்து முடித்திருந்தேன். சைக்கிளில் ஒரு போத்தல் தண்ணீரும் கட்டியிருந்தேன்.

மதுரங்குளியில் திரும்பும்போது அங்கே நின்றவர் சொன்னார், காசிம் என்னைவிட விரைவாகப் போயிருக்கிறான் என்று. எச்சிலைக்கூட விழுங்காத ஒருவன்! எதிர்காற்றில், பேக்கரிச் சைக்கிளில்! அந்த இடத்தில் எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம்.

திரும்பும் வழியில் பாலாவியை நெருங்கும்போது அவனைக் கண்டேன்.

வீதியோரம் சைக்கிள் கிடந்தது. பக்கத்தில் அவன் முழங்காலில் நின்றான். ஓங்கரித்தான், ஒன்றும் வரவில்லை. ஒரு சிங்களப் பெண் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நின்றாள். அவன் கையால் மறித்தான். கொஞ்சம் தள்ளி இரண்டு கழுதைகள் வெயிலில் அசையாமல் நின்றன. எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவனும் தலையை உயர்த்தி என்னைப் பார்த்தான்.

இனிச் சொல்வதை நான் பங்குச் சுவாமியிடம் முழங்காலிட்டுச் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. பொய்யை மட்டும் சுவாமியிடம் சொன்னேன். இதை விழுங்கிவிட்டேன்.

நான் போத்தலை எடுத்தேன். எனக்குத் தாகம் இல்லை. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே, தலையைச் சாய்த்து, நெஞ்சில் வழிய வழியக் குடித்தேன். அவனைக் கடந்து முடியும்வரை குடித்தேன்.

ஏன்? எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். வெல்வதற்கு அது தேவையே இல்லை; அவன் ஏற்கெனவே விழுந்துவிட்டான். அந்தத் தண்ணீர் இனித்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

காசிம் மறுபடி ஏறி, தள்ளாடித் தள்ளாடி வந்து சேர்ந்தான். முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பால் விடாத சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் சிறுநீர் போனதாம். சிறுநீரகம் பழுது என்றார் டொக்டர். அப்புறம் அவன் சைக்கிள் ஏறவில்லை. பேக்கரியில் ஒரு கதிரை போட்டு உட்கார வைத்தார்கள்.

"அவனே ஓம் எண்டு சொன்னாலும் நான் விட்டிருக்கக் கூடாது" என்று பொன்னுத்துரை மாஸ்டர் என்னிடம் கலங்கினார். நான் அவரைத் தேற்றினேன். தேற்றினேன்!

கொழும்பில் ஓடினேன், வென்றேன். அடுத்த வருடமும் வென்றேன். ஊர் திரும்பியபோது பஸ் நிலையத்தில் மாலையோடு நின்றவர்களில் வீங்கிய கால்களோடு காசிமும் நின்றான்.

வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று எல்லாரும் பேசத் தொடங்கிய காலத்தில் அவன் படுக்கையில் விழுந்தான். சுவாமி என்னை விடவில்லை: போய் அவனிடமே சொல் என்றார். போனேன். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டு போனேன்.

முகம் ஊதிப் போயிருந்தது. உம்மா தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனார். நான் வாயைத் திறக்குமுன் அவன் பேசினான்.

"அண்ணே, நாளை மாத்தச் சொல்லி எனக்காகக் கதைச்ச ஒரே ஆள் நீங்கதான். நான் மறக்கல்ல."

நான் தேத்தண்ணீரைப் பார்த்தேன்.

"ஒண்டு கேக்கணும்" என்றான். "அண்டைக்குப் பாலாவியில என்னைத் தாண்டிப் போகக்குள்ள தண்ணி குடிச்சீங்க. இப்பவும் கண்ணை மூடினா அதுதான் தெரியுது. நீங்க என்னைக் காணல்லத்தானே? கண்டிருந்தா குடிச்சிருக்க மாட்டீங்க. அப்பிடித்தான் நான் நினைச்சுக்கிட்டு ஈக்கிறேன்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சாகப்போகிறவனின் கண்ணில் அவ்வளவு நம்பிக்கை இருக்கக் கூடாது.

"காணல்ல தம்பி" என்றேன். "சத்தியமாக் காணல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றான். முகம் தெளிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உறங்கிப் போனான்.

கையை விடுவிக்கப் பயந்து வெகுநேரம் அங்கேயே இருந்தேன். உம்மா வந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இப்படி ஒரு சிநேகிதன் யாருக்குக் கிடைப்பான் என்றார். அந்த வாரமே அவன் போய்ச் சேர்ந்தான்.

அவன் நிம்மதிக்காகத்தான் அந்தக் கடைசிப் பொய்யைச் சொன்னேன் என்று நீங்கள் எனக்காக நினைக்கக்கூடும். தயவுசெய்து வேண்டாம். அவனுக்காக அல்ல, அந்த வீட்டிலிருந்து நல்லவனாக வெளியே நடந்துபோக எனக்கு ஆசையாக இருந்தது. நடந்தும் போனேன். தெருவில் எதிரே வந்தவர்கள் எனக்குச் சலாம் சொன்னார்கள். நானும் திருப்பிச் சொன்னேன்.