மாஸ்டர் வீட்டு சர்வரும் ஹட்டன் இடியும்

கணினி திருத்தும் தொழிலில் பாதி நேரம் இயந்திரத்தோடு போகும், மீதி "நான் ஒன்றுமே செய்யவில்லை" என்பவர்களோடு போகும். இதே பிழைப்பில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? இலங்கை மலையகத்து ஹட்டனில் கடை போட்டிருந்த என்னை அலுக்கவைக்க ஒரே வீடு போதுமாக இருந்தது.

டிவிக்கு ஒரு நியாயம்

தவராசா மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே விஞ்ஞானம் படிப்பித்தார். வாடகை வீட்டில் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டு சர்வராக வைத்து, உயர்தரப் பரீட்சைப் பாடங்களையெல்லாம் தமிழில் தட்டி ஏற்றியிருந்தார். சனிக்கிழமைகளில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் வந்து படிப்பார்கள்.

அந்த சர்வர் வாரம் தவறாமல் "டிஸ்க்கில் பிழை" என்று பாதியில் நின்றுவிடும். முறையாக நிறுத்துகிறீர்களா என்று கேட்டால், "ஓம் தம்பி" என்பார். நான்காவது தடவை நான் திருத்திக்கொண்டிருக்கும்போதே மதிய இடி இடித்தது. வீட்டை வாடகைக்கு விட்டிருந்த செல்லம்மா ஓடிவந்து, ஒன்று விடாமல் எல்லாப் பிளக்கையும் பிடுங்கினார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

"இடிச்சா கழட்டணும்ங்க. டிவிக்கு ஒரு நியாயம், மாஸ்டர் பெட்டிக்கு ஒரு நியாயமா?"

பேச்சைக் கேட்டது

அடிமேல் அடிபட்ட டிஸ்க் கடைசியில் டக் டக்கென்று சத்தம் போட ஆரம்பித்தது. அடுத்த மாதம் பரீட்சை. வேறு பிரதி இருக்கிறதா என்றேன். இருந்தது, அதே டிஸ்க்கில், இன்னொரு ஃபோல்டரில்!

புது டிஸ்க் பூட்டி, நகலெடுக்க விட்டேன். நடுவில் நின்றால் பழையது மறுபடி ஓடாது. "நாளை வரைக்கும் இத மட்டும் தொடாதீங்கம்மா" என்று செல்லம்மாவிடம் கடுமையாகவே சொன்னேன். மறுநாள் இடித்தபோது அவர் மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, இதன் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். மின்னல் கம்பி வழியே வந்தது. இரண்டு டிஸ்க்கும் கருகின. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க சொன்னீங்கன்னுதாங்க விட்டேன். கழட்டியிருக்கணும்."

சனிக்கிழமை

பாடம் எல்லாம் போய்விட்டது என்று மாஸ்டர் பிள்ளைகளிடம் சொன்னார். அவர்கள் பைகளைத் திறந்து, பாடம் எழுதும் கொப்பிகளை எடுத்தார்கள். தோட்டத்து லயத்து வீடுகளில் ஏது கணினி? வாராவாரம் திரையில் இருந்ததை, மாஸ்டரின் தட்டச்சுப் பிழைகள் உட்பட, அப்படியே எழுதிக்கொண்டு போயிருந்தார்கள். சேர்த்துப் பார்த்தால் இரண்டு பாடம்தான் குறைந்தது. மாஸ்டர் கொப்பிகளை மடியில் அடுக்கிக்கொண்டு அழுதுவிட்டார்.

தேத்தண்ணி கொண்டுவந்த செல்லம்மா எட்டிப் பார்த்தார். "எல்லாம் கொப்பியிலயே இருக்கே. அப்ப இந்தப் பெட்டி எதுக்குங்க மாஸ்டர்?"

அன்றிலிருந்து யாராவது பிரதி எடுத்துவைக்க எது நல்லது என்று கேட்டால், நான் எதிரே இருக்கும் கொப்பிக் கடையைக் காட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கிறேன்.